பின்னால் நடந்து பிடித்த மீன்

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் இரண்டு மடங்காகச் சொல்வார்கள். மீன் தின்னத் தெரிந்தவனுக்கு மீன் பிடிக்கவும் தெரிந்திருக்கும் என்று இருபத்திரண்டு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, ஒரு வெள்ளைக்காரரிடம் வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை, நிரூபிக்கப் போனேன்.

ராயபுரத்தில் எங்களுக்கு வத்தல் மண்டி. தெற்கேயிருந்து வந்த குடும்பம். மிளகாய் வத்தல், மல்லி, புளி எல்லாம் மொத்தத்துக்குக் கொடுப்போம். அந்தக் கடைக்கு நான்தான் வாரிசு. ஆனால் வாரிசுக்கு வத்தல் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மூட்டையைப் பிரித்தால் எனக்குத் தும்மல் ஆரம்பிக்கும்; கடை சாத்துகிற வரை நிற்காது. தும்மினால்கூடப் போகட்டும், தும்முகிற நேரம்தான் வம்பு. பேரம் படிந்து, வாங்க வந்தவர் சரி என்று தலையாட்டுகிற அந்த நொடியில் நான் ஒன்று போடுவேன். சகுனம் சரியில்லை என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். இப்படி நாலு பேர் எழுந்து போன பிறகுதான் அப்பா என்னைத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலைக்குப் போக விட்டார். அதற்கும் ஒரு கெடு வைத்தார்.

"ஏலே, பங்குனிக்குள்ள சோலிய நெரந்தரம் பண்ணிட்டு வா. இல்லன்னா மூக்குல துணியக் கட்டிக்கிட்டு மூடைக்குப் பக்கத்துல வந்து உக்காரு."

வேலையை நிரந்தரம் செய்கிற கையெழுத்து எங்கள் மேனேஜர் துரையின் கையில் இருந்தது. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷமாகியும் சீமைக்குத் திரும்பாமல் தங்கிவிட்ட மனிதர். அவர் கம்பெனிக்காகத் தங்கியிருக்கிறார் என்று கம்பெனி நினைத்துக்கொண்டிருந்தது. அவர் தங்கியது ஊட்டிக்கு மேலே ஓடுகிற ஓர் ஆற்றுக்காக. அந்த ஆற்றில் ட்ரௌட் என்று ஒரு மீன். அவருடைய முன்னோர்கள் யாரோ அதன் முட்டையைக் கப்பலில் கொண்டுவந்து, மலையேற்றி, ஆற்றில் விட்டார்களாம். பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் எல்லோரும் எதையாவது கூடக் கொண்டுவரத்தான் செய்கிறார்கள். நாங்கள் வத்தலைக் கொண்டுவந்தோம்.

ஒரு நாள் கடிதத்தில் கையெழுத்து வாங்கப் போனபோது துரை கேட்டார்: "உனக்கு எந்த இடம்?"

"ராயபுரம், சார்."

"அப்படியானால் மீன் பிடிப்பாயா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனால் அவர் முகத்தில் அன்றுதான் முதல் தடவையாக ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். "எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது சார்" என்றேன். என் ரத்தத்தில் இருந்தது வத்தல் தூசி.

உண்மையில் எனக்கும் மீன்பிடிக்கும் ஒரே ஒரு சம்பந்தம்தான். பள்ளிக்கூடம் விட்டதும் கடற்கரையில் கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போவேன். கடலில் வளைத்துப் போட்ட பெரிய வலையின் இரண்டு பக்கத்துக் கயிற்றையும் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடியே ஆட்கள் பின்னால் பின்னால் நடந்து மணலில் ஏறுவார்கள். கயிற்றில் கை வைத்தவனுக்கு வலை கரையேறியதும் ஒரு பிடி மீன் உண்டு, அது அங்கே வழக்கம். நானும் கடைசி ஆளாகத் தொற்றிக்கொண்டு பின்னால் நடந்து, ஒரு பிடி நெத்திலி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவேன். என் மீன்பிடி ஞானம் அவ்வளவே.

துரை விடவில்லை. "அடுத்த தடவை பிடிப்பதில் ஒன்றைக் கொண்டுவா, பார்க்கிறேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மீன் மார்க்கெட்டுக்குப் போய் முழங்கை நீளத்துக்கு ஒரு கொடுவா மீனை வாங்கினேன். திரும்பினால் எதிரே என் தோஸ்து நிற்கிறான். நாலாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சு, அதற்குப் பிறகு கட்டுமரம். மீன் தின்பதில் எனக்குச் சமம், பிடிப்பதில் அவனுக்குச் சமமாகக் குப்பத்திலேயே ஆள் குறைவு.

"இன்னா மாமு, வூட்டுக்கு இவ்ளோ பெரிய மீனா?"

மறைக்கத் தெரியாமல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவன் மீனைப் புரட்டிப் பார்த்தான்.

"எண்ணூர்ல புடிச்சேன்னு சொல்லப் போறியா? மார்க்கெட்டு ஐஸு ஒட்டிகினு கீது பாரு. அத்தயாச்சும் கழுவிகினு போ."

கழுவிக்கொண்டு போனேன். துரை அந்தக் கொடுவாவைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். எந்த இடம், என்ன இரை, எவ்வளவு நேரம் போராடியது என்று கேட்டார். எண்ணூர் முகத்துவாரம், இறால், முக்கால் மணி நேரம் என்றேன். முக்கால் மணி என்றதும் அவர் என் தோளைத் தட்டினார். இருக்கட்டும், பொய்க்கும் ஒரு தோள்தட்டு வேண்டாமா என்று நினைத்துக்கொண்டேன்.

மாசி பிறந்தது. திருவொற்றியூரில் திருவிழாவுக்குக் கொட்டகை போட ஆரம்பித்திருந்தார்கள். துரை என்னைக் கூப்பிட்டு, மலையில் இப்போது வசந்தம் தொடங்குகிறது, வருஷத்தின் முதல் மீன்பிடி, நீயும் வருகிறாய் என்றார். அதோடு விடவில்லை. அவருடைய தூண்டில்கள் சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த கப்பல் தாமதமாம். "உங்கள் ஆட்களில் யாரையாவது விட்டு இதே மாதிரி ஒரு டஜன் கட்டி வாங்கு" என்று மேஜை மேல் ஒன்றை வைத்தார். சுண்டுவிரல் நகத்தளவு கொக்கி. அதைச் சுற்றிச் சேவல் இறகு. தண்ணீரின் மேல் விழுந்து மிதக்கும்போது பூச்சி என்று நினைத்து மீன் மேலே வந்து கவ்வுமாம்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே இறகுக்கு வேட்டை. எங்கள் தெருவில் சிவப்பான சேவல் பக்கத்து வீட்டம்மாளிடம்தான் இருந்தது. கழுத்து இறகில் ஒரு பிடி பிடுங்குவதற்குள் அது என் கையில் மூன்று இடத்தில் கொத்திவிட்டது. அந்த அம்மாள் துடைப்பத்தோடு வந்தாள். "கோயி துன்ற வயசுல கோயி மசுரு திருடுறியே, கலீஜ்! உங்கப்பன் கடையில வத்தல் தீந்துபோச்சா?"

இறகும் ரத்தக் காயமுமாகக் கடற்கரையில் தோஸ்துவிடம் போய் நின்றேன். அவன் மாதிரித் தூண்டிலை உள்ளங்கையில் வைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

"இன்னா மாமு இது? கொசுவுக்கு மீசை வெச்ச மாதிரி கீது."

"தூண்டிடா."

"இரை எங்க?"

"இரை கெடையாது. எறகைப் பாத்துப் பூச்சின்னு மீனு ஏமாந்துடும்."

"அவ்ளோ கேனை மீனா? நம்ம கடல்ல ஒரு நாளு வுட்டா தாங்குமா அது?"

பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரில் அதைப் போட்டான். மிதந்தது. யாரோ அவன் பாட்டனைத் திட்டிவிட்ட மாதிரி அதையே பார்த்தான்.

"மாமு, தூண்டின்னா முழுவணும்."

"மிதக்கணும்னு துரை சொன்னாருடா."

"துரை கட்டுமரம் ஏறிக்கிறாரா?"

"இல்ல."

"அப்ப சொம்மா குந்து."

நான் சும்மா குந்தினேன். அவன் கேலி செய்கிறான் என்று நினைத்தேன். அவன் கேலி செய்கிறபோதுதான் அதிகக் கவனமாக வேலை செய்கிறவன் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு நாளில் ஒரு டஜனையும் தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தான். பார்த்தால் அசலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. துரையும் பார்த்துவிட்டுப் பேஷ் என்றார்.

ரயிலில் துரை முதல் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு. என் வேலையை நிரந்தரம் செய்கிற காகிதம் அவருடைய தோல்பையில் முதல் வகுப்பில் வந்துகொண்டிருந்தது. என்னைவிட அது சௌகரியமாகத்தான் பயணம் செய்தது. "மலையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறேன், நல்ல மனநிலையில் இருப்பேன்" என்று சொல்லியிருந்தார். ஆக, மீன் கிடைத்தால் மனநிலை, மனநிலை இருந்தால் கையெழுத்து, கையெழுத்து இல்லாவிட்டால் வத்தல்.

மறுநாள் காலை ஆற்றங்கரையில் நின்றோம். குளிர் என்றால் குளிர் அல்ல, அது வேறு ஏதோ. புல்லின் மேல் உப்பளத்தில் படிகிற மாதிரி வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. நான் அப்பாவின் கல்யாணக் கோட்டையும் அதன் மேல் ஒரு சால்வையையும் சுற்றி, மங்கி குல்லாவும் போட்டிருந்தேன். துரை இடுப்பு வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு அந்தத் தண்ணீரில் ஏதோ கோயில் குளத்தில் இறங்குகிற மாதிரி இறங்கினார். அக்கரையில் சில மரங்கள் இலையே தெரியாமல் சிவப்பாகப் பூத்திருந்தன. தண்ணீர் கூழாங்கல் ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம் போல ஓடியது. கூவத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். தண்ணீருக்குள் அடிநிலம் தெரிவதை ஒரு குறைபாடு என்றே முதலில் நினைத்தேன்.

அவர் தூண்டில் கழியை வீசுவதை மட்டும் நான் மறக்கவே மாட்டேன். நூல் பின்னால் போய், ஆகாயத்தில் ஒரு வளையம் போட்டு, முன்னால் போய்த் தண்ணீரில் இறங்கும். இறங்கிய சத்தமே கேட்காது. ஒரு மணி நேரம் வீசினார். தன்னிடம் மிச்சமிருந்த பழைய தூண்டில்களால்தான். ஒரு மீன்கூட மேலே வரவில்லை. பிறகு, "நீ வீசு" என்று கழியை என் கையில் கொடுத்தார்.

நான் வீசினேன். நூல் பின்னால் போயிற்று. முன்னால் வரவில்லை. என் மங்கி குல்லாவில் மாட்டிக்கொண்டது. மறுபடியும் வீசினேன். இந்தத் தடவை முன்னால் போயிற்று, குல்லாவோடு.

துரை குல்லாவை ஆற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "எண்ணூரில் வேறு விதமாக வீசுவார்கள் போலிருக்கிறது" என்றார். அவர் முகத்தில் சந்தேகம் முளைக்க ஆரம்பித்திருந்தது. கொக்கியும் குல்லாவில் ஒடிந்துவிட்டதால் என் தீப்பெட்டியைத் திறக்கச் சொன்னார். புதுத் தூண்டிலைக் கட்டி வீசினார். அது பூச்சி மாதிரி உட்காரவில்லை. ப்ளக் என்று ஒரு சத்தம். நேராக அடியில் போய்விட்டது. இன்னொன்றைக் கட்டினார். ப்ளக். மூன்றாவதைக் கட்டாமல் உள்ளங்கையில் வைத்துப் பேனாக்கத்தியால் இறகைக் கீறினார். உள்ளே, கொக்கியைச் சுற்றி, தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்குமே அந்த ஈயத் தகட்டை நூல் மாதிரி வெட்டி அழகாகச் சுற்றியிருந்தான் என் தோஸ்து.

"இது என்ன?"

அந்த இடத்தில் இன்னொரு பொய் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் பற்கள் கிட்டிக்கொண்டிருந்தன. கிட்டுகிற பல்லோடு பொய் சொல்ல வராது. எனக்குத் தூண்டில் கட்டத் தெரியாது, வீசத் தெரியாது, மீனே பிடிக்கத் தெரியாது, அப்பாவுக்கு வத்தல் மண்டி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அந்தக் கொடுவா?"

"மார்க்கெட்டில் வாங்கினது சார்."

"அதைப் பற்றி நான் கிளப்பில் சொல்லியிருக்கிறேன்."

"மன்னிக்க வேண்டும் சார்."

"மூன்று தடவை சொல்லியிருக்கிறேன்."

கழியைப் புல்லில் வைத்தார். "எல்லாவற்றையும் கட்டி எடுத்துவா" என்று சொல்லிவிட்டு, மேட்டின் மேல் நாங்கள் தங்கியிருந்த பங்களாவைப் பார்த்து நடந்தார். ரப்பர் பூட்ஸுக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது. அந்தச் சத்தம் எனக்கு வத்தல் மூட்டையைக் குத்தித் திறக்கிற சத்தமாகவே கேட்டது. அந்தக் குளிரிலும் எனக்கு ஒரு தும்மல் வந்தது.

நூலைச் சுற்றலாம் என்று கழியை எடுத்தேன். இரண்டாவதாகக் கட்டிய தூண்டில் இன்னும் ஆற்றுக்குள்தான் கிடந்தது, ஒரு பாறைக்குக் கீழே ஆழமான இடத்தில். சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழி என் கையிலிருந்து போகப் பார்த்தது. யாரோ கீழேயிருந்து பிடித்து இழுத்தார்கள். கல்லில் மாட்டியிருக்கும் என்று நானும் இழுத்தேன். கல் திரும்ப இழுத்தது.

இப்படி ஒரு நிலைமையில் சக்கரத்தைத் திருப்ப வேண்டும், நூலை விட்டுக் கொடுக்க வேண்டும், மீனைக் களைப்படைய வைக்க வேண்டும் என்றெல்லாம் பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கழியை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆற்றைப் பார்த்தபடியே, பின்னால் நடக்க ஆரம்பித்தேன். ஓரடி, இன்னோரடி. வாய் தானாக "ஏலேலோ" என்றது. கரைவலையில் நான் கடைசி ஆள். இந்த ஆற்றங்கரையில் முதல் ஆள், நடு ஆள், கடைசி ஆள் எல்லாமே நான்தான். கழி வில்லாக வளைந்தது. நான் மேட்டில் பின்புறமாக ஏறிக்கொண்டே இருந்தேன். ஆற்றிலிருந்து பளபளவென்று ஒன்று கிளம்பி, கூழாங்கல்லின் மேல் துள்ளி, புல்லில் இழுபட்டு என் பின்னாலேயே, இல்லை, என் முன்னாலேயே மேடேறி வந்தது. ஒரு வேரில் குதிகால் தட்டி மல்லாந்து விழுந்தேன். எழுந்து ஓடிப்போய் மீன் மேல் குப்புற விழுந்தேன். அப்பாவின் கல்யாணக் கோட்டு அன்றுதான் பிரயோசனப்பட்டது.

"ஏலேலோ" சத்தத்தைக் கேட்டுத் துரை ஓடிவந்தார். புல்லில் குப்புறப் படுத்திருந்த என்னைப் பார்த்து, "என்ன செய்துகொண்டிருக்கிறாய்?" என்றார்.

"கரைவலை, சார்" என்றேன்.

என்னைப் புரட்டிவிட்டு மீனை எடுத்தார். முக்கால் முழம் இருக்கும். உடம்பெல்லாம் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளி. வாய் ஓரத்தில் என் தோஸ்து கட்டிய தூண்டில். அதைக் கழற்றி வெகு நேரம் பார்த்தார். பிறகு ஆற்றைப் பார்த்தார். "தண்ணீர் இன்னும் சூடேறவில்லை. எல்லாம் அடியில் படுத்திருக்கின்றன" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மலையைக் கண்ணால் பார்க்காதவன் ராயபுரத்துக் கடற்கரையில் குந்திக்கொண்டு கண்டுபிடித்த விஷயம் அது. அவனைக் கேட்டால் கண்டுபிடிப்பு என்றுகூட ஒத்துக்கொள்ள மாட்டான்.

தீப்பெட்டியில் மிச்சம் இருந்த ஒன்பதையும் துரை வாங்கிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் ஆறு மீன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டி அடித்தார். நான் கரையில் சால்வைக்குள் உட்கார்ந்து சீட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இருட்டுவதற்கு முன்னால் பங்களா வராந்தாவில் தோல்பையைத் திறந்து காகிதங்களில் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். என்னுடையது வந்தது. பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இன்னும் இரண்டு டஜன் வேண்டும். அவனே கட்ட வேண்டும். நீ தொடக்கூடாது."

"சரி சார்."

"இறகைக்கூட."

"அதை அந்தச் சேவலே சொல்லிவிட்டது சார்" என்று என் கையைக் காட்டினேன். சிரித்துவிட்டார். சிரிப்போடு சிரிப்பாகக் கையெழுத்தும் விழுந்துவிட்டது.

நான் பிடித்த மீனை எனக்கே கொடுத்தார். பங்களா சமையல்காரர் அதை ஒரு தகர டின்னில் ஐஸும் மரத்தூளும் போட்டு வைத்துக் கொடுத்தார். சென்ட்ரலில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. அப்பாவிடம் காகிதத்தைக் காட்டுவதைவிட அவசரமான வேலை ஒன்று இருந்தது. டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு நேரே கடற்கரைக்குப் போனேன். தோஸ்து கட்டுமரத்தைக் கரையேற்றிவிட்டு வலையை உதறிக்கொண்டிருந்தான்.

பனியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஈயத்தைச் சொன்னேன், துரையின் ஆறு சீட்டியைச் சொன்னேன், கையெழுத்தைச் சொன்னேன். அதுவரை அவன் தலையாட்டிக்கொண்டுதான் கேட்டான். பிறகு டின்னைத் திறந்து மீனை எடுத்து இரண்டு கையிலும் ஏந்தி அவன் முன்னால் நீட்டினேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, மீன் பிடித்த விஷயத்தில், ஒரு எழுத்துகூடக் கூட்டாமல் உண்மையைச் சொன்னேன்.

"இத்த நானே புடிச்சேன்டா. மெய்யாலுமே நானே, என் கையால புடிச்சேன்."

அவன் வலையைக் கீழே போட்டான். மீனை வாங்கி இந்தப் பக்கம் புரட்டினான், அந்தப் பக்கம் புரட்டினான். செவுளில் ஒட்டியிருந்த ஐஸ் துண்டைச் சுண்டுவிரலால் சுண்டிவிட்டான்.

"எந்த மார்க்கெட்டுல?"